மார்பு 48, கை 22

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் தருமபுரிக்குப் பேருந்துதான் பிடிக்க வேண்டும். 1906-ல் இங்கிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய இருப்புப்பாதை போட்டார்கள். பிறகு அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-ல், மூடிவிட்டார்கள். அந்தப் பாதை திரும்ப வரப்போகிறது என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. பேருந்தில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நானும் மைத்துனனும் உட்கார்ந்ததும் இருக்கை நிறைந்துவிட்டது. அதில் என் பங்கு குறைவு.

அவன் என் மனைவியின் தம்பி. பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரன், இப்போது கிளாஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். உயரம் ஐந்தடி நாலங்குலம். மார்பு 48, வயிறு 50, கை மட்டும் 22. கூட வேலை பார்க்கும் நண்பனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாரும் ஸ்காட்லாந்துக்காரர்களின் மடிப்புப் பாவாடையான கில்ட் கட்டி நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. கில்ட்டில் சிக்கல் இல்லை. இடுப்பில் சுற்றி, வார்ப்பட்டையால் இறுக்கிக்கொள்ளலாம். ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். மேலே போடுகிற கோட்டுதான் அடம் பிடித்தது. வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றில் மார்புக்குச் சரியான கோட்டு இருந்தது. போட்டுப் பார்த்தால் கை, விரல் நுனியைத் தாண்டியது. விளிம்பு தொடைக்கு வந்தது. அளவெடுத்துத் தைக்கிறவர் சொன்ன கூலியைக் கேட்டுவிட்டு, “அந்தக் காசுக்கு ஊருக்கே வந்துட்டுப் போயிடலாம் மாமா” என்றான். சொன்னபடி வந்தும்விட்டான். வீட்டில் அம்மாவைப் பார்க்க வந்திருப்பதாகத்தான் பேச்சு.

கில்ட் கோட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தப் பாடு புரியும். கில்ட்டை நாம் பேண்ட் போடும் இடத்தில் கட்டுவதில்லை. தொப்புள் மட்டத்துக்கு ஏற்றிக் கட்டுகிறார்கள். முன்னால் ஸ்போரன் என்கிற தோல்பை தொங்கும். பின்னால் நெருக்கமான மடிப்புகள். அழகெல்லாம் அந்த மடிப்பில்தான். நம் ஊர்க் கல்யாணக் கோட்டு பின்புறம் முழுவதையும் மூடுகிற நீளம். அதைக் கில்ட்டின் மேல் போட்டால் பை மறைந்துவிடும், மடிப்பு நசுங்கிவிடும். ஆகவே கில்ட் கோட்டை இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, முன்பக்கத்தைப் பைக்கு வழிவிட்டு வளைத்து வெட்டுகிறார்கள். பகல் விசேஷத்துக்கு ஆர்கைல். இரவு விருந்துக்குப் பிரின்ஸ் சார்லி. அதற்குப் பின்னால் குட்டையாக வால் உண்டு. 1746-ல் கல்லோடன் போரில் தோற்று ஓடிய இளவரசர் சார்லிக்கும் இந்தக் கோட்டுக்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. அவர் செத்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த தினுசு இது.

இந்தக் கோட்டுகளைப் பெரும்பாலும் பொத்தான் போட்டு மூடுவதில்லை, திறந்தே விடுகிறார்கள். தொப்பைக்காரர்களுக்கு அது சலுகை மாதிரித் தோன்றும். நடப்பது வேறு. கோட்டு தப்பித்துக்கொள்ள, உள்ளே போடும் வெயிஸ்ட்கோட்டு மாட்டிக்கொள்கிறது. அதன் கீழ் விளிம்பு கில்ட்டின் மேல் விளிம்பை மூடியே ஆக வேண்டும். வயிறு பெரிதாக இருந்தால் முன்பக்கம் மேலே ஏறிக்கொண்டு நடுவில் சட்டை தெரியும். உடம்பு நீளமான நெட்டையர்களுக்கும் அதே சங்கடம், காரணம்தான் வேறு. கையைக் குறைப்பதும் லேசில் ஆகிற காரியமில்லை. ஆர்கைல் கோட்டின் கைமுனையில் அகலமான மடிப்புப் பட்டையும் வரிசையாகப் பொத்தானும் இருக்கும். கீழே வெட்டினால் அந்த அமைப்பே போய்விடும். தோளில் பிரித்து, மேலிருந்து குறைத்து, மறுபடி கையை ஏற்ற வேண்டும். அதற்குப் புதுக் கோட்டே தைத்துவிடலாம் என்று எந்தத் தையற்காரரும் சொல்வார்.

தருமபுரியில் இறங்கியதும் முதலில் ஆயத்த ஆடைக் கடைகளுக்குப் போனோம். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவனுக்கு ஒரு நப்பாசை. முகூர்த்த மாதம். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வரவேற்பில் மாப்பிள்ளை கோட்டு போட வேண்டும், மறுநாள் விடிகாலை முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி கட்ட வேண்டும் என்பது இப்போது மாவட்டம் முழுவதும் சட்டமாகிவிட்டது. அதனால் கடைகளில் கோட்டுக்கென்றே ஒரு மாடி. நாங்கள் நுழைந்தபோது ஓர் ஒல்லி மாப்பிள்ளை கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். மார்பு 34 இருக்கலாம். கடையில் 36-லிருந்துதான் இருக்கிறது. அவருடைய அக்கா கோட்டின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “முன்னாடி பாக்க நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் புகைப்படத்துக்கென்று ஒரே ஒரு கோட்டு தொங்கும். யார் வந்தாலும் அதுதான். ஒல்லிகளுக்கு முதுகில் கிளிப் போட்டுப் படம் எடுப்பார்கள். கேமரா பின்னால் வராது என்கிற தைரியம். இன்றைய கல்யாணத்தில் டிரோன் தலைக்கு மேலேயே சுற்றுகிறது.

மைத்துனனைப் பார்த்ததும் விற்பனைப் பையன் மரியாதையாக, “பெரிய சைஸ் 46 வரைக்கும் இருக்குங்ணா” என்றான். 46-ஐ மாட்டிப் பார்த்ததில் கை போதும், தோள் அதிகம், வயிற்றில் ஒரு சாண் திறந்து கிடந்தது. ஓர் ஒல்லிக்கும் ஒரு பருமனுக்கும் ஒரே மாடியில் ஒரே பதில்.

பெரிய அளவு என்றால் அபூர்வம் என்று கடைக்காரர்கள் நினைப்பது எனக்கு விளங்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள ஆண்களில் 37 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். மூன்று பேரில் ஒருவருக்கு மேல். இவர்களை விதிவிலக்கு என்று சொல்வது அட்டவணையின் குறை. அந்த அட்டவணைகளும் நம் உடம்பைப் பார்த்து எழுதியவை அல்ல. அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளை வாங்கி அங்கங்கே ஒட்டுப்போட்டு நம் நிறுவனங்கள் பயன்படுத்தி வந்தன. இந்தியாவுக்கென்று ஓர் அளவுப் பட்டியல் வேண்டும் என்று தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், நிஃப்ட், முப்பரிமாண ஸ்கேனர்களைக் கொண்டு ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கத் திட்டமிட்டது. கொல்கத்தா, மும்பை, தில்லி, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங். தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் அதில் இல்லை. தருமபுரிக்காரர்கள் திருப்பூருக்குப் போய் ஐரோப்பாவுக்கு மூன்று எக்ஸெல் டி-ஷர்ட் தைக்கிறார்கள். அதே ஆள் ஊர் திரும்பித் தன் கல்யாணத்துக்குக் கோட்டு தேடினால் கிடைப்பது 36-லிருந்து 46.

துணி வாங்கினோம். பகல் கல்யாணம் என்பதால் முறைப்படி ட்வீட் வேண்டும். தருமபுரி வெயிலில் ட்வீட் கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். சாம்பல் நிற டெரிவுல்லில் 58 அங்குல அகலத்தில் மூன்று மீட்டர் எடுத்தோம். சாதாரண ஆளுக்குக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் போதும். இவனுக்குக் கூடுதல், வெயிஸ்ட்கோட்டு வேறு. “கில்ட்டுக்கு எவ்வளவு துணி?” என்று கேட்டேன். எட்டு கஜமாம். இரட்டை அகலத் துணியில் நாலு கஜம் வாங்கி, நீளவாக்கில் கிழித்து ஒட்டினால் எட்டு. நம் எட்டு முழ வேட்டியும் நாலு கஜம்தான். இடுப்பில் சுற்றுகிற துணிக்கு எந்த நாட்டிலும் ஏறக்குறைய இவ்வளவு தேவைப்படுகிறது போலும்.

கிளாஸ்கோவுக்கும் தருமபுரிக்கும் போக்குவரத்து இவனோடு தொடங்கியதும் அல்ல. தாமஸ் மன்றோ 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரியும் சேர்ந்த பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது, அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்து 1799 வரை இந்தப் பக்கத்தில் இருந்தார். தருமபுரியில்தான் குடியிருந்தார், தோட்டம் போட்டு ஆசையாக வளர்த்தார். 1793-ல் வங்காளத்தில் காரன்வாலிஸ், ஜமீன்தாரிடம் ஒரே தொகையாகத் தீர்வையை நிர்ணயித்து முடித்துவிட்டார். இங்கே ரீடும் மன்றோவும் வயல் வயலாக அளந்து, அந்தந்தக் குடியானவரிடமே தீர்வை பேசினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரயத்துவாரி. வங்காளத்தில் நடந்தது ஆயத்த ஆடை என்றால் தருமபுரியில் நடந்தது அளவுத் தையல். அளந்து தைத்ததும் குடியானவருக்கு இறுக்கமாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், தீர்வை அதிகம்.

மன்றோ பிறந்த வருஷத்தில் ஸ்காட்லாந்தில் கில்ட் கட்டுவதற்குத் தடை இருந்தது. 1746-ல் மலைநாட்டாரின் கலகத்தை அடக்கியபின் போட்ட சட்டம். படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல் அதை நீக்கியபோது அவர் மதராஸ் படையில் ஹைதர் அலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த உடைக்கு வந்த வாழ்வைத் தனியாகச் சொல்ல வேண்டும்; அதைப் பென்னாகரம் தையற்கடையிலேயே சொன்னேன்.

தருமபுரியிலிருந்து மேற்கே ஒகேனக்கல் போகும் சாலையில் பென்னாகரம். வழியெல்லாம் புளியமரம், மாந்தோப்பு, இடையிடையே மல்பெரித் தோட்டங்கள். இந்த மாவட்டம் பட்டுக்கூட்டுக்குப் பேர்போனது. தருமபுரியிலேயே அதற்கு ஓர் அங்காடி இருக்கிறது. ஏலம் எடுக்கிறவர்கள் கூட்டைக் கையில் உருட்டி, காதருகே ஆட்டிப் பார்த்து விலை சொல்வதை ஒரு காலை நேரம் போய்ப் பார்த்தோம். மைத்துனனுக்கு அதில் மனம் செல்லவில்லை.

பென்னாகரத்தில் நாங்கள் தேடிப்போன தையல் மாஸ்டருக்கு வயது அறுபதுக்கு மேல். சின்ன வயதில் பெங்களூருக்குப் போய், பட்டாளத்துக்காரர்களுக்குத் தைக்கும் கடையில் காஜா பையனாகச் சேர்ந்து, கட்டிங் வரை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். கடையில் இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேசை, கரிப்பெட்டி ஒன்று. மின்சாரப் பெட்டியும் இருக்கிறது. கோட்டுக்குக் கரிப்பெட்டியின் கனம்தான் வேண்டும் என்கிறார். மைத்துனன் செல்போனில் ஆர்கைல் கோட்டின் படத்தைக் காட்டினான். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பெரிதாக்கிக் கைமுனையைப் பார்த்தார், தோள்பட்டையைப் பார்த்தார்.

“இது நம்ம பேண்டு செட்டு கோட்டுதானே தம்பி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிறவர்களின் கோட்டும் இடுப்போடு நிற்கும். தோளில் முறுக்குக் கயிறு, கையில் பட்டை, வெள்ளிப் பொத்தான். ஆர்கைலுக்கும் அதற்கும் சாயல் ஒன்று, இரண்டிலும் பட்டாளத்து உடுப்பின் சாடை இருக்கிறது. மாஸ்டர் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேண்டு செட்டுகளுக்குத் தைத்திருக்கிறார். பேஸ் டிரம் அடிக்கிறவர் எப்போதும் பருமனாக இருப்பார், கிளாரிநெட்காரர் ஒட்டடைக்குச்சி, ஆனால் எல்லாக் கோட்டும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது அவர்கள் கேட்பது. இவ்வளவு நாள் பயிற்சி இருக்கிறவரிடம்தான் நாங்கள் படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தோம்.

அளவெடுத்ததைத்தான் நான் ரசித்துப் பார்த்தேன். முதலில் டேப்பைத் தொடவே இல்லை. “அந்த டீக்கடை வரைக்கும் போயிட்டு வாங்க தம்பி” என்று அனுப்பிவிட்டு நடையைப் பார்த்தார். திரும்பி வந்ததும் சட்டைப்பையிலிருந்த போனை எடுக்கச் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள் என்றார். வயிறு உள்ளவர்கள் டேப்பைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுப்பார்கள், கோட்டு வந்தபிறகு வெளியே விடுவார்கள் என்பது அவர் அனுபவம். வலது தோள் இடதைவிட இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். எந்தக் கையில் பை தூக்குகிறாய் என்று கேட்டார். மார்பு, தோள், முதுகு அகலம், கை இவற்றை உரக்கச் சொன்னார். உதவிப் பையன் எழுதிக்கொண்டான். வயிறு வந்தபோது மட்டும் குரலைத் தணித்துப் பையன் பக்கமாகச் சாய்ந்து சொன்னார். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

கட்டிங் புத்தகங்களில் மார்பளவை வைத்தே மற்றதையெல்லாம் கணக்குப்போடும் முறை ஒன்று உண்டு. மார்பில் இத்தனை பங்கு முதுகு, இத்தனை பங்கு கைக்குழி என்று வகுத்துக்கொண்டே போவது. ஆயத்த ஆடை முழுவதும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. கூடவே இன்னோர் ஊகம்: மார்பைவிட இடுப்பு ஆறு அங்குலம் குறைவாக இருக்கும். மைத்துனனுக்கு இரண்டு அங்குலம் கூடுதல்.

“கணக்குப்படி 48 மார்புக்குத் தோள் 20 வரும். தம்பிக்குப் பதினெட்டுதான். அந்தக் கணக்கு ராட்சசனுக்கு. இவரு நம்ம ஆளு” என்றார் மாஸ்டர். முன்பக்கத்தின் நீளத்தைப் பின்பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் கூட்டினார். வயிற்றுக்குத் துணி சேர்க்கப் பக்கவாட்டில் மட்டும் அகலப்படுத்துவது அரைகுறை வேலையாம். அப்படிச் செய்தால் கோட்டு கூடாரமாகி, முன் விளிம்புகள் இரண்டும் விலகிப் பறக்கும். பாக்கெட் மட்டத்தில் குறுக்கே வெட்டி ஒரு டாட் பிடித்தால் துணி வயிற்றைத் தழுவிக்கொண்டு கீழே உள்வாங்கும். பாக்கெட் மூடி அந்த வெட்டை மறைத்துவிடும்.

அப்போதுதான் நான்காம் ஜார்ஜின் கதையைச் சொன்னேன். 1822 ஆகஸ்டில் அந்த மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் ஏற்பாடு. வந்தவர்கள் எல்லாரும் மலைநாட்டு உடை உடுத்தவேண்டும் என்று ஊரே அமர்க்களம். மன்னர் மகா பருமன், வயிற்றைக் கச்சு கட்டி இறுக்குகிறவர். அவருக்கு எடின்பரோவில் ஒரு கடை கில்ட்டும் மற்ற சாமான்களும் செய்துகொடுத்துப் போட்ட பில் 1,354 பவுண்டு 18 ஷில்லிங். கில்ட் முழங்காலுக்கு மேலே ஏறி நிற்க, காலுக்கு உடம்பின் நிறத்தில் இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு தரிசனம் கொடுத்தார். லண்டனின் முன்னாள் மேயர் வில்லியம் கர்ட்டிஸ் என்பவரும் அதே பருமனில் அதே உடையில் வந்து நின்றார். கேலிச் சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். டேவிட் வில்கி பிறகு வரைந்த ஓவியத்தில் மன்னரை இளைக்க வைத்து, கால் உறையை விட்டுவிட்டு, மானத்தைக் காப்பாற்றினார். கலகக்காரர்களின் உடையாக இருந்தது அந்த வருகைக்குப் பின் ஸ்காட்லாந்து முழுவதற்கும் விசேஷ உடையானது. அதே ஆகஸ்டில் மன்றோ மதராஸ் கவர்னராக இருந்தார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்தக் காசுக்கு ஒழுங்கா டிரையல் பாக்கலையா?” என்றார்.

வேட்டிமேல் கோட்டு போடுகிற வழக்கம் நமக்கும் இருந்தது. மாஸ்டரின் அப்பா மணியக்காரர்களுக்கும் கர்ணங்களுக்கும் கழுத்து மூடிய கோட்டு தைத்தவர். ஜமாபந்திக்குப் போகும்போது மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பார்களாம். 1980-ல் எம்.ஜி.ஆர். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்ததோடு அந்த உருப்படிக்கு ஆர்டர் நின்றது. அந்தக் கோட்டு தொடை வரை நீளும். வேட்டியின் அழகு கரையில், காலடியில் இருக்கிறது. இடுப்புச் செருகலை மறைத்தால்தான் லட்சணம். கில்ட்டுக்கு நேர் எதிர். இரண்டுக்கும் பொதுவான ஒன்று: கீழே சுற்றிய துணியைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. பட்டு வேட்டி சிறியதாகிவிட்டது என்று முகூர்த்த மேடையில் அழுத மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. முந்தின நாள் மாலைக் கோட்டுக்குள் மூச்சு முட்டியவர்கள் நிறைய.

டிரையலுக்கு மறுபடி போனோம். கான்வாசை ராத்திரி முழுவதும் தண்ணீரில் போட்டு உலர்த்தி, வெள்ளை நூலால் நீள நீளமாக ஓடவிட்டு, ஒரு கையை மட்டும் ஏற்றி வைத்திருந்தார். பசை ஒட்டிய ஃபியூசிங் துணி வந்தபிறகு இதையெல்லாம் பெரிய ஊர்களிலேயே விட்டுவிட்டார்கள். மைத்துனன் கிளாஸ்கோவில் வாங்கிய கில்ட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டே வந்திருந்தான். தெருவில் இரண்டு பாட்டிகள் நின்று பார்த்தார்கள். கில்ட் இல்லாமல் நீளம் குறிக்க மாட்டேன் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வெயிஸ்ட்கோட்டு கில்ட்டின் விளிம்பை மூடியது. உட்காரச் சொன்னார்; மூடியபடியே இருந்தது. கைகளை மேலே தூக்கி ஆடச் சொன்னார், கல்யாணத்தில் ஆடுவார்கள் இல்லையா என்று. ஓர் அரை அங்குலம் சட்டை தெரிந்தது. சாக்பீசால் ஒரு கோடு போட்டார். இறங்கிய தோளுக்கு ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு பேடு.

கூலி, கோட்டுக்கும் வெயிஸ்ட்கோட்டுக்கும் சேர்த்து ஐயாயிரம். பொத்தான், கயிறு நம்முடையது.

முடிந்த கோட்டைப் போட்டு எடுத்த படத்தை மைத்துனன் அங்கிருந்தே நண்பர்களுக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது. தோழர்களில் இன்னொருவன் ஆறடி ஐந்தங்குலம், மெலிந்த தேகம். வாடகைக் கடையில் அவனுக்குக் கிடைத்த கோட்டு மார்பில் சாக்குப் பையாகவும் கையில் முக்காலாகவும் இருக்கிறதாம். அளவுகளை எழுதி அனுப்பினால் தைத்துக் கொடுப்பாரா என்று கேட்டிருந்தான். கூலி இரட்டிப்பாகத் தருகிறானாம். மாஸ்டர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

“கூலியெல்லாம் வேணாம் தம்பி. அங்கே யாரு டேப்பை எப்படிப் பிடிப்பாங்களோ. நின்ன நெலையில அளந்து அனுப்புவாங்க, நடந்தா கூன் போடறவனா இருப்பான். இங்க வரச் சொல்லுங்க. ஒகேனக்கல் பாத்த மாதிரியும் ஆச்சு. ஆடி, ஆவணியில வேணாம், தண்ணி கூடினா பரிசலை நிறுத்திடுவாங்க. தை மாசம் வரட்டும். கில்ட்டை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

கல்யாணம் அக்டோபரில் என்று மைத்துனன் சொன்னான். அப்படியானால் அடுத்தவன் கல்யாணத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் அடுத்த உருப்படியை எடுத்தார். பள்ளிக்கூடச் சீருடை, நாற்பது பேண்ட்.